கித்தா இலை உதிர்கையில் வரும் பறவைகள்

கெடாவில் குளிர்காலம் உண்டா? பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் சிரிப்பார்கள். வெயிலும் மழையும் தவிர வேறு பருவம் அறியாத மண் இது. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் சற்று யோசித்துவிட்டு, "வின்டரிங் உண்டு" என்பார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வடக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். கித்தா மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறி இலை முழுவதையும் உதிர்க்கும். பால் வரத்து குறையும், அதோடு கூலியும் குறையும். அந்தப் பருவத்துக்குத் துரைமார்கள் வைத்த பெயர்தான் வின்டரிங். பனி விழும் நாட்டிலிருந்து வந்தவர்கள், மொட்டை மரங்களைக் கண்டதும் தங்கள் ஊர் நினைவில் அப்படிப் பெயரிட்டார்கள்.

அதே மாதங்களில் உண்மையான குளிர்காலத்திலிருந்து தப்பி வந்த உயிர்களும் இங்கே இருந்தன. சைபீரியாவிலும் மஞ்சூரியாவிலும் கம்சாட்காவிலும் ஏரிகள் உறைந்து, புழு பூச்சி மண்ணுக்குள் அடங்கியதும் புறப்பட்ட பறவைகள் அவை. செப்டம்பரில் வரத் தொடங்கி ஏப்ரல் வரை கெடாவின் வயல்களிலும், மெர்போக் ஆற்றின் அலையாத்திக் காடுகளிலும், மூடா ஆற்று முகத்துவாரச் சேற்றிலும் தங்குகின்றன. தோட்டத்து அல்லூர் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் மஞ்சள் வாலாட்டிக் குருவியைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. விடியலில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டப் போனவனுக்கு அதைக் கேட்க நேரம் ஏது?

காற்று ஒன்று, பயணம் இரண்டு

இந்தப் பறவைகளின் வருகையும் தமிழரின் பழைய கடல் பயணமும் ஏறக்குறைய ஒரே நாள்காட்டியைப் பின்பற்றியவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் கிழக்கே வந்தன. வடகிழக்குக் காற்று தொடங்கியதும் கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குத் திரும்பின. வணிகர்கள் காற்று மாறும்வரை இங்கே காத்திருந்தார்கள். வடகிழக்குக் காற்று கப்பலை வீட்டுக்கு அனுப்பிய அதே பருவத்தில், அதே காற்றின் துணையோடு வடக்கே இருந்து பறவைகள் வந்து இறங்கின.

பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் இன்றைய கெடாதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். முதலாம் இராஜராஜன் காலத்தில் கடாரத்து மன்னன் பெயரால் நாகையில் சூளாமணிவர்ம விகாரம் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் தானமாகக் கொடுக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. 1025-ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது தஞ்சைக் கல்வெட்டிலேயே இருக்கிறது. இவையெல்லாம் நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுபவை. பேசப்படாதது ஒன்று உண்டு. அந்தக் கடாரத் துறைமுகம் நின்றது ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில்.

மெர்போக் ஆற்றின் முகத்துவாரம் அன்று இன்றைக்கு இருப்பதைவிட அகன்ற விரிகுடா. கடலில் வருவோருக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தூரத்திலேயே அடையாளம் காட்டும். மலையைக் குறிவைத்து வந்து, அலையாத்தி மரங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் நீர்வழியில் நுழைந்தால் படகு பத்திரம். குவாரிச் வேல்ஸ் 1930-களின் இறுதியில் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டிக் கண்ட கோயில் அடித்தளங்களும், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் வெளிக்கொணர்ந்த இரும்பு உருக்கு உலைகளும், படகுத்துறை எச்சங்களும் இந்த நீர்வழியை ஒட்டியவையே. சுங்கை பத்துவின் வயது பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஆற்றங்கரையில் நின்றிருந்த துறை இன்று வண்டலால் மூடிய தரைக்கு நடுவே கிடக்கிறது என்பதில் ஐயம் இல்லை. ஆறு வண்டலைக் கொண்டுவந்து சேர்த்தது, வண்டலில் அலையாத்தி வேர் பிடித்தது, நிலம் கடலுக்குள் நீண்டது. துறைமுகம் செத்தது. பறவைகளின் மேய்ச்சல் நிலம் வளர்ந்தது.

நம் இலக்கியம் வலசைப் பறவையை அறியாதது அல்ல. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தம் மனைவியிடம் தூது அனுப்பிய பாடலில், அது தெற்கே குமரியில் நீராடி வடக்கே திரும்புவதைச் சொல்லியிருக்கிறார். பறவை எங்கே தங்குகிறது, எந்தத் திசையில் திரும்புகிறது என்று கவனித்திருந்த ஒரு சமூகம்தான் அப்படிப் பாட முடியும்.

சதுப்பு வயலான கதை

அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நேர்கோடாக ஓடும் ஒரு கால்வாயைப் பார்த்திருப்பார்கள். கெடாவின் மந்திரி புசாராக இருந்த வான் முகமட் சமான் 1880-களில் வெட்டத் தொடங்கி 1890-களில் முடித்த கால்வாய் அது. அதற்கு முன் அந்தச் சமவெளியின் பெரும்பகுதி சதுப்புக் காடு. கால்வாய் நீரை வடித்தது, குடியானவர்கள் வந்தார்கள், நெல் விளைந்தது. பறவைகள் என்ன ஆயின? காட்டில் வாழ்ந்தவை ஒதுங்கின. ஆனால் திறந்த ஈர நிலத்தை விரும்பும் வடதேசத்துப் பறவைகளுக்கு நெல்வயல் இன்னொரு சதுப்பு. பொரி உள்ளான், விசிறிவால் உள்ளான், நெடுங்கால் உள்ளான் ஆகியவை வயலுக்கே வந்தன.

1909-ஆம் ஆண்டு ஆங்கிலோ-சயாம் ஒப்பந்தத்தால் கெடா சயாமின் ஆதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. கோலமூடா, கூலிம் வட்டாரங்களில் கித்தாத் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய தமிழர்கள் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கித்தா மேட்டு நிலத்துப் பயிர். தோட்டத்தின் பள்ளமான மூலைகள் பல இடங்களில் நடப்படாமல் கிடந்தன. அந்தப் பள்ளங்களில்தான் லயத்துப் பிள்ளைகள் தூண்டில் போட்டார்கள், கானாங்கோழிக்குக் கண்ணி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறி சில வீடுகளில் அங்கிருந்துதான் வந்தது.

துரைமார்களுக்கு அதே நிலம் வேறு விதத்தில் பயன்பட்டது. அறுவடை முடிந்த வயலில் உள்ளான் சுடுவது அவர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. வளைந்து வளைந்து பறக்கும் உள்ளானைச் சுட்டு வீழ்த்துபவர் நல்ல குறிகாரர் என்று பெயர். தொலைதூரம் பறந்து வந்து சேர்ந்த பறவை ஒருவரது விருந்து மேசையில் முடிந்தது. இன்னொருவரது மண்சட்டியிலும் முடிந்தது. பசிக்குப் பிடித்ததையும் பொழுதுபோக்குக்குச் சுட்டதையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை.

காலில் வளையம்

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. அதை மாற்றியது 1963 முதல் 1971 வரை ஆசியா முழுவதும் நடந்த ஒரு பெரிய முயற்சி. எலியட் மெக்லூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி தலைமையேற்றார். பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து செல்கின்றனவா என்று அறிவதே நோக்கம், பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். மலாயா உட்படப் பல நாடுகளில் வலை விரித்து, பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள்! வளையமிட்ட பறவை வேறொரு நாட்டில் பிடிபட்டால் அதன் பாதை தெரியும். ராணுவம் நோயைத் தேடியது, உலகத்துக்குக் கிடைத்தது பறவைகளின் வரைபடம்.

தமிழ்நாட்டிலும் சாலிம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடிக்கரையில் இதே பணியைச் செய்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு சுவையான உண்மை தெரிகிறது. கோடிக்கரைக்கு வரும் பறவைகளில் பெரும்பாலானவை மத்திய ஆசிய வான்பாதையில் வருபவை. கெடாவுக்கு வருபவை ரஷ்யாவின் தூரக்கிழக்கு, அலாஸ்கா முதல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் கிழக்கு ஆசிய-ஆஸ்திரேலிய வான்பாதையைச் சேர்ந்தவை. நாகையும் கடாரமும் கப்பலால் இணைந்திருந்தன, பறவைக்கு அவை இரு வேறு சாலைகளில் உள்ள இரு சத்திரங்கள்.

இரண்டு போகம்

1970-ஆம் ஆண்டு கெடாவின் வரலாற்றில் முக்கியமானது. உலக வங்கிக் கடனில் பெடு, மூடா அணைகள் கட்டி முடிக்கப்பட்டு, மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. சுமார் ஒரு இலட்சம் ஹெக்டேர் வயலில் ஆண்டுக்கு ஒரு போகம் என்பது இரண்டு போகமாக மாறியது. நாடு சாப்பிடும் சோற்றில் கெடாவின் பங்கு உயர்ந்தது. இதைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் ஒரு போக வயலின் இயல்பு வேறு. அறுவடைக்குப் பின் நிலம் காய்ந்து கிடக்கும். மழை வந்ததும் குட்டைகளிலிருந்து கெளுத்தியும் விராலும் பனையேறிக் கெண்டையும் வயலுக்கு ஏறிவரும். இரண்டு போகம் வந்ததும் ஓய்வு போனது. களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி வந்தன. வயல் மீன் குறைந்தது, மீனைத் தின்னும் பறவை குறைந்தது. சேற்றுப் பூச்சியை நம்பிய உள்ளான்களுக்கோ, அவை வந்திறங்கும் செப்டம்பர், அக்டோபரில் உழவுக்காகத் தண்ணீர் கட்டிய வயல்கள் தயாராக இருந்தன. ஒரே திட்டம் ஒரு பறவைக்குக் கெடுதலாகவும் இன்னொன்றுக்கு விருந்தாகவும் முடிந்தது.

வேடந்தாங்கல் உறவுக்காரன்

இன்று அலோர் ஸ்டார் பக்கத்து வயல்களில் போகிற தமிழர்களை வண்டியை நிறுத்திப் பார்க்க வைக்கும் பறவை ஒன்று உண்டு. சாம்பல் வெள்ளை உடல், கருத்த சிறகு, அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். நத்தைக் குத்தி நாரை! வேடந்தாங்கலில் கூடு கட்டும் அதே நாரை. கிராம மக்கள் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்களே, அந்த வேடந்தாங்கல்தான்.

இந்த நாரை மலேசியப் பறவைப் பட்டியலிலேயே முன்பு இல்லை. 2008-ஆம் ஆண்டு வாக்கில்தான் தீபகற்பத்தின் வடகோடியில் காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பெர்லிஸ், கெடா வயல்களில் இறங்கியது. சைபீரியாவிலிருந்து அல்ல, தாய்லாந்திலிருந்து. பாங்காக்குக்கு வடக்கே உள்ள வாட் பாய் லோம் புத்த விகாரையின் மரங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டிவந்த இனம் இது. தாய்லாந்தில் வளையமிட்ட ஒரு பறவை 1,500 கிலோமீட்டர் மேற்கே வங்காளதேசத்தில் கிடைத்ததும் பதிவாகியிருக்கிறது.

ஏன் திடீரென்று தெற்கே வந்தது? விடை வயலில்தான் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, கட்டுப்பாட்டை மீறிப் பரவிய தங்க ஆப்பிள் நத்தை, மலாயில் சிப்புட் கொண்டாங் எமாஸ், 1990-களின் தொடக்கத்தில் மலேசியாவுக்குள் நுழைந்தது. நெல் தண்டில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளை ஒட்டிவைக்கும் இந்த நத்தை இளநாற்றை அறுத்துத் தின்றுவிடும். விவசாயி மருந்து அடித்தார், கையால் பொறுக்கினார், வாத்து விட்டார். பிறகு கூலி கேட்காத ஆள் ஒருவர் வடக்கிலிருந்து பறந்து வந்தார். அந்த அலகின் இடைவெளியே நத்தையைக் கையாளும் கருவிதான். ஓட்டிலிருந்து சதையை இழுத்தெடுப்பதில் அதற்கு இணை இல்லை.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. நத்தைக்கு மருந்து அடித்த வயலில் நத்தையைத் தின்ன நாரை வந்தால்? பூச்சிக்கொல்லிக் கடையில் பரிந்துரைக்கப்படும் மருந்து எது, அது பறவைக்கு நஞ்சா என்பது விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. செம்பனைத் தோட்டங்களில் இதுபோன்ற ஒரு பாடம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. எலியைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டிக் கூடு வைத்தார்கள். லயத்தில் கூகை அலறினால் சாவு வரும் என்று பயந்த நம்மவர்களே, அதே கூகைக்கு ஏணி வைத்துப் பெட்டி மாட்டினார்கள்! ஆனால் எலிக்கு வைத்த நஞ்சு, எலியைத் தின்ற கூகையையும் கொன்றது சில இடங்களில் தெரியவந்தது. பெட்டியும் நஞ்சும் ஒரே தோட்டத்தில் ஒன்றுக்கொன்று பகையாக நின்றன.

சேற்றின் விலை

வயலைவிட ஆபத்தில் இருப்பது கடலோரம். மெர்போக் அலையாத்திக் காடு மலேசியாவிலேயே தாவர வகை மிகுந்த அலையாத்திக் காடுகளில் ஒன்று. செமிலிங்கிலிருந்து படகில் போகிறவர்கள் மீன்கொத்திகளையும் கொக்குகளையும் கழுகுகளையும் பார்க்கலாம். 1980-களுக்குப் பின் அதன் ஓரங்கள் இறால் குளங்களாக வெட்டப்பட்டன. சில குளங்கள் நோயால் கைவிடப்பட்டன. வெட்டிய மரம் மட்டும் திரும்பவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கெடாவில் மிகக் கடுமையாகத் தாக்கிய ஊர் கோத்தா கோலமூடா. உயிர்கள் போயின, வீடுகளும் படகுகளும் போயின. அதே நாளில் கடலூர் மாவட்டக் கரையில் அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பாதிப்புக் குறைவாகத் தப்பியதை ஆய்வாளர்கள் 2005-இல் பதிவு செய்தார்கள். அதன்பின் மலேசிய அரசும் கடற்கரைகளில் அலையாத்தி நடும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் ஒரு எச்சரிக்கை வேண்டும். கரையோர உள்ளான்களுக்கு மரம் வேண்டாம், வெறும் சேறு வேண்டும். அலை வடிந்தபின் திறந்து கிடக்கும் சேற்றில்தான் புழுவும் சிப்பியும். எங்கே மரம் நடுவது, எங்கே சேற்றை விட்டுவைப்பது என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது.

மூடா ஆற்றைக் கடந்தால் செபராங் பிறை. அங்கே கோலமூடாவிலிருந்து தெலுக் ஆயர் தாவார் வரை உள்ள சேற்றுக்கரையை பேர்ட்லைஃப் அமைப்பு முக்கியப் பறவைப் பகுதியாக அடையாளம் கண்டிருக்கிறது. பறவைக்கு ஆற்றின் இந்தக் கரை கெடா, அந்தக் கரை பினாங்கு என்ற கணக்கு இல்லை. நோர்ட்மான் பச்சைக்காலி என்ற அரிய உள்ளான் இங்கே வருகிறது. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் குஞ்சு பொரிக்கும் இந்த இனத்தில் உலகம் முழுவதற்கும் ஓரிரு ஆயிரம்தான் மிச்சம். பெரிய முடிச்சு உள்ளானும் தூரக்கிழக்குக் கோட்டானும் உடன் வருகின்றன. இரண்டுமே அழியும் ஆபத்தில் உள்ளவை.

அழிவுக்குக் காரணம் கெடாவில் மட்டும் இல்லை. வடக்கே திரும்பும் வழியில் இவை மஞ்சள் கடலின் சேற்றில் இறங்கிக் கொழுப்பேற்றிக்கொள்ள வேண்டும். 2006-இல் தென்கொரியா சேமாங்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடற்சுவரைக் கட்டி முடித்து அலையை அடைத்தது. பெரிய முடிச்சு உள்ளானின் எண்ணிக்கை அதன்பின் சரிந்தது. அங்கே அடைத்த கதவுக்கு இங்கே வெறிச்சோடிய கரை! அதே 2006-இல் இந்த வான்பாதை நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. சீனாவின் மஞ்சள் கடல் சேற்றுக்கரைகள் 2019-லும், கொரியாவின் சேற்றுக்கரைகள் 2021-லும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. தாமதம்தான், ஆனாலும் பெரிய திருப்பம். சேற்றை யாரும் பாரம்பரியம் என்று நினைத்ததில்லை. நம் பக்கத்தில் 2013-இல் பூஜாங்கில் ஒரு பழங்கால சண்டியே வீட்டுமனைக்காக இடிக்கப்பட்டபோதுதான் ஊர் விழித்தது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் சேற்றுக்காக வாதாட எத்தனை பேர் வருவார்கள்?

ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987-இல் தொடங்கியது. வனவிலங்குத் துறையினரோடு தன்னார்வலர்களும் தொலைநோக்கியோடு அலை ஏறும் நேரத்தில் கரையில் நின்று எண்ணுகிறார்கள். கடல் நீர் ஏற ஏறச் சேறு மூடி, பறவைகள் கரையை நோக்கி ஒதுங்கும். எண்ணுவதற்கு அதுவே நேரம். தமிழ்ப்பள்ளி மாணவர்களும் போகலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் அடுக்குமாடிகளுக்குக் கலைந்துபோனபின், எந்தப் பள்ளத்தில் எந்தப் பறவை எந்த மாதத்தில் வரும் என்று தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் வைத்திருந்த பெயர்களும் எழுதப்படாமலே போகின்றன. இந்தப் பறவைகளைப் பற்றிய நூல்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன.

பட்டணத்துக்கு வந்துவிட்டவர்களுக்கும் ஒரு குளிர்காலப் பறவை உண்டு. மாலை மங்கும் நேரத்தில் கடைத்தெரு மின்கம்பிகளில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக வந்து உட்காரும் தகைவிலான் குருவி. பலர் அதையே பறவைக்கூட்டு வியாபாரத்தின் உழவாரன் என்று நினைக்கிறார்கள். உழவாரனின் எச்சில் கூடு பணம், அதற்குக் கட்டடமே கட்டித் தருவார்கள். தகைவிலான் இங்கே கூடு கட்டுவதே இல்லை, எச்சத்தை மட்டும் கீழே நிற்கும் காரின் மேல் விட்டுப்போகும். எனவே அதற்குத் திட்டு. வடக்கு ஆசியாவின் வீட்டுக் கூரைகளில் பிறந்த குருவி அது. ஏப்ரல் வாக்கில், கித்தா மரங்கள் புதுத்தளிர் விட்டு முற்றி, மறுபடி பால் வெட்டு தொடங்கியிருக்கும் நாட்களில், ஒரு மாலை கம்பிகள் காலியாக இருக்கும். செப்டம்பரில் மீண்டும் கார் துடைக்கும் வேலை ஆரம்பமாகும்.